தோட்டம் போய் வந்த குளிர் நகரம்

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு நிழலின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் ஏறிய பிறகும் பால்மரக் காட்டுக்குள் குளுமைதான். தார்ச்சாலைக்கு வந்தால்தான் சூடு தெரியும். தாரும் சிமெண்டும் பகலில் விழுங்கிய வெப்பத்தை இரவில் கக்குகின்றன. அதனால்தான் பட்டணத்தில் இரவும் புழுங்குகிறது.

1995-இல் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை ஊராட்சி மன்ற அனுமதியின்றி வெட்டக்கூடாது. வெப்பத்தை எண்ணி மட்டும் வந்த சட்டமல்ல; ஆனாலும் நிழலுக்கு அது காவல்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1995-இல்தான் புத்ராஜெயா கட்டுமானமும் தொடங்கியது. பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலம் அது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம். மலாயில் அதன் பெயருக்குப் 'பெரும் போர்' என்று பொருள். தோட்டக்காரர்கள் அறிந்த 'பிபி' ரகப் பால்மரக் கன்றுகள் அங்கே உருவானவைதான். தோட்டம் அழிந்தது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன.

புதிய நகருக்குச் செயற்கை ஏரி, ஈரநிலம், பூங்காக்கள் எல்லாம் அமைத்தார்கள். அதுவும் போதவில்லை. 2025-க்குள் உச்ச வெப்பத்தை 2 டிகிரி குறைப்பது என்று பின்னர் இலக்கு வைத்தார்கள். 2021-இல் நாடு முழுவதும் 10 கோடி மரம் நடும் இயக்கமும் தொடங்கியது. நட்ட கன்று நிழல் தரப் பல ஆண்டுகளாகும். நிற்கும் மரமோ இன்றே தருகிறது. தம்பின் பக்கம் அடுத்த தோட்டம் தாமானாகும்போது, மரத்தைச் சுற்றி அளவுநாடா பிடிக்கப் போவது யார்?