லேப்டாப் படுத்துட்டா? கைவசம் இருக்கட்டும் ஒரு 'குளோன்'!

காரைக்குடி பக்கத்துல இருக்கிற கோட்டையூர்ல, ரோஜா முத்தையா ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்கள், இதழ்களைச் சேர்த்து வெச்சிருந்தார். 1992-ல் அவர் மறைந்தார். 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. நைந்துபோன பக்கங்களை அங்கே மைக்ரோஃபிலிமில் நகல் எடுத்தார்கள். மூலம் என்றைக்காவது உதிரும்னு தெரிஞ்சவங்க செய்ற வேலை அது.

உங்க லேப்டாப்புக்கு அப்படி ஒரு நகல் இருக்கா?

'போட்டோவெல்லாம் பென்டிரைவ்ல இருக்கே'ன்னு சொல்வீங்க. சரி, ஹார்ட் டிஸ்க் போயிட்டா விண்டோஸ், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ்? சி டிரைவை காப்பி-பேஸ்ட் பண்ணினாலும் பூட் ஆகாது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கத் தேவையான பூட் ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாத தனி பார்ட்டிஷன்ல இருக்கு. அதையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் நகலெடுக்கிறதுதான் குளோனிங்.

பழைய டிஸ்க் அளவுக்கோ அதைவிடப் பெரிசாவோ ஒரு எஸ்.எஸ்.டி வாங்கி, யூஎஸ்பி கேஸ்ல மாட்டுங்க. பிட்லாக்கர் இருந்தா ரெக்கவரி கீயை முதல்ல எழுதி வைங்க. இலவசமா கிடைக்கிற குளோனசில்லாவை பென்டிரைவ்ல ஏத்தி, அதிலிருந்து பூட் பண்ணுங்க. பழைய காலத்துத் திரைதான், பயப்படாதீங்க. பயப்பட வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணு: எதிலிருந்து, எதுக்குன்னு கேட்கும்போது. மாத்திக் கொடுத்தா, காலி டிஸ்க் உங்க டிஸ்க்கை அழிச்சிடும். மாடல் பெயர், அளவு ரெண்டையும் சரிபார்த்த பிறகு என்டர் தட்டுங்க.

முடிஞ்சதும் லேப்டாப்புக்குள்ள புது டிஸ்க்கை மாட்டி ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. யூஎஸ்பியில இருந்தபடியே விண்டோஸ் பெரும்பாலும் பூட் ஆகாது. பழைய டிஸ்க்ல ஏற்கெனவே 'டிக் டிக்' சத்தம் வருதா? குளோன் வேண்டாம், ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவர்கிட்ட கொண்டு போங்க.