புண்ணின் புளிப்பும் உடலின் கேடயமும்

உடலின் தொடர்ச்சி அறுபடுவதைத் ‘தஃபர்ருக்குல் இத்திஸால்’ என்று மருத்துவ முன்னோர் அழைத்தனர். அது சதையில் நேரும்போது, புதிதாயின் ‘ஜிராஹத்’ என்றும் சீழ் வைத்துவிட்டால் ‘கர்ஹா’ என்றும் இப்னு சீனா பிரித்துரைக்கிறார். 1025ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலில் உள்ள இப்பாகுபாட்டைச் சொல்லாராய்ச்சி என்று நாம் எளிதில் கடந்துவிடுவோம். ஆனால் பச்சைப் புண்ணும் நாட்பட்ட புண்ணும் வேதியியலாலும் வேறானவை என்பதை இருபதாம் நூற்றாண்டு கண்டறிந்தது.

நலமான தோலின் மேற்பரப்பு புளிப்புத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 4 முதல் 6 வரை. 1928இல் ஜெர்மானியரான ஷாடே, மார்க்கியோனினி ஆகிய இருவர் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயரிட்டனர். தோல் கிழிந்ததும் உள்ளிருக்கும் 7.4 அளவுள்ள நீர்மம் வெளிப்படுகிறது. பிராணவாயு குறைந்த புதுப்புண்ணில் லாக்டிக் அமிலம் சேர்ந்து புளிப்பு மீள்கிறது. ஆறாத புண்ணிலோ கிருமிகள் உண்டாக்கும் அம்மோனியாவும் சேர, அளவு 7ஐத் தாண்டி 9ஐ நெருங்கும் வரை காரத்தன்மை ஏறுகிறது.

இந்த மாற்றம் யாரைப் பாதிக்கிறது? கிருமிகளை மட்டுமன்று, உடலின் காவலரையும் பாதிக்கிறது. அக்காவலரைப் பற்றிய அறிவு போர்க்களத்திலிருந்து தொடங்குகிறது எனலாம். முதல் உலகப் போரில் பிரான்ஸின் பூலோன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃப்ளெமிங், ஆழ்ந்த புண்ணில் ஊற்றப்படும் கிருமிநாசினிகள் கிருமிகளுக்கு முன்பாக வெள்ளணுக்களையே கொல்வதைக் காட்டினார். 1922இல் கண்ணீரிலும் சளியிலும் கிருமியைக் கரைக்கும் லைசோசைமை அவரே கண்டார். பெனிசிலினின் புகழ் இந்தக் கண்டுபிடிப்பை மறைத்துவிட்டது.

1981இல் சுவீடனின் ஹான்ஸ் போமன் விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து ‘செக்ரோபின்’ என்னும் சிறு புரதத்தைப் பிரித்தார். 1987இல் அமெரிக்கரான மைக்கேல் சாஸ்லோஃப், அறுவை செய்து கலங்கிய தொட்டி நீரில் விட்ட ஆப்பிரிக்கத் தவளைகளுக்குச் சீழ் பிடிக்காததைக் கண்டு வியந்து, அவற்றின் தோலிலிருந்து ‘மெகைனினை’ எடுத்தார். கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அரபியின் ‘மிஜன்’ அதன் உடன்பிறப்பு. மனித உடலின் எல்.எல்.-37 என்னும் பெப்டைடு 1995இல் அறியப்பட்டது. ஆறாத புண்ணின் விளிம்புத் தோலில் இது காணப்படவில்லை என்று 2003இல் ஓர் ஆய்வு காட்டியது.

இவற்றுள் பெரும்பாலானவை நேர்மின்னேற்றம் கொண்டவை. எதிர்மின்னேற்றமுள்ள கிருமியின் சவ்வில் ஒட்டி அதைத் துளைக்கின்றன. இங்கேதான் புளிப்பு குறுக்கிடுகிறது. ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் பி.எச். 6க்குக் கீழே நேர்மின்னேற்றம் பெறும். ஆகவே அது மிகுந்த பெப்டைடுகள் அமிலச் சூழலில்தான் வீரியம் காட்டுகின்றன, நடுநிலையில் சோர்ந்துவிடுகின்றன. எல்.எல்.-37இன் கதை நேர்மாறானது. அதன் சுருள் வடிவம் அமிலத்தில் குலைகிறது. மூச்சுப்பாதை நீர்மத்தில் நடந்த சோதனைகளிலும் புளிப்பு கூடும்போது அதன் ஆற்றல் குறைந்தது. ஆக, ‘அமிலம் நல்லது’ என்ற ஒற்றை விதி இங்கே செல்லாது.

நம் இதழ்களில் சிலர் செய்வதுபோல, இவையெல்லாம் இப்னு சீனாவுக்கு முன்பே தெரியும் என்று நாம் சொல்லப் போவதில்லை. அவருக்குப் பெப்டைடும் தெரியாது, கிருமியும் தெரியாது. கண்ணால் கண்டதைப் பிசகாமல் பிரித்தெழுதினார், அது போதும்.

தேனைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். சூரா அந்நஹ்லின் 69ஆம் வசனம் அதில் நிவாரணம் உண்டென்கிறது. பண்டைய எகிப்தியரும் புண்ணுக்குத் தேனிட்டனர். தேனின் பி.எச். ஏறத்தாழ 3.2 முதல் 4.5 வரை. 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர் ஒருவகைத் தேனில் தேனீயின் சொந்தப் பெப்டைடான டிஃபென்சினையே கண்டனர். ஆயினும் புகழ்பெற்ற மானுகா தேனில் அது தென்படவில்லை. அதன் வலிமை வேறு பொருளால் வருவது.

மெகைனினிலிருந்து உருவான பெக்சிகனான் என்னும் மருந்துக் களிம்பு நீரிழிவுக் கால்புண்ணுக்கென முன்வைக்கப்பட்டு, 1999இல் அமெரிக்க அரசின் அனுமதி பெறத் தவறியது. 2016இல் மீண்டும் நடந்த பெருஞ்சோதனைகளிலும் வெறுங்களிம்பை அது மிஞ்சவில்லை. இதற்கிடையே, முதல் உலகப் போர்க்காலத்தில் நீலச்சீழ்க் கிருமிக்கு எதிராகப் புண்ணில் இட்ட நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது காடியின் புளிப்பு, ஒரு நூற்றாண்டு கழித்தும் தீக்காயச் சிகிச்சையில் இடம்பெற்று வருகிறது.