எருவில் பங்கு கேட்காத பயறு

பயறும் கீரையும் ஒரே நிலத்தில் வளர்வதைப் பாராட்டுகிறவர்கள், பயற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துப் பக்கத்துக் கீரைக்கு ஊட்டுகின்றன என்பார்கள். இந்த விளக்கம் பாதிதான் சரி. அரிதாகக் கிடைத்த எருவைப் பயறு பங்கு கேட்காமல் கீரைக்கு விட்டுவைத்தது. புன்செய் உழவர்கள் இந்தச் சேர்க்கையைக் கைவிடாததற்கு அதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

கலந்து விளைவிக்கும் வழக்கம் மிகப் பழையது. பாரியின் நாட்டைப் பாடும் கபிலரின் புறநானூற்றுப் பாட்டில் வரகும் தினையும் எள்ளும் அவரையும் அடுத்தடுத்துப் பதத்துக்கு வருகின்றன. குறுந்தொகைப் பாட்டொன்றில் தினை அரிந்த தாளிடையே அவரை பூக்கிறது. ஒரே மழையில் பல விளைச்சல் எடுக்கும் இந்தக் கணக்குக்குக் கீரை நன்றாகப் பொருந்துகிறது. துவரை முதல் சில வாரங்கள் மெல்ல வளர்ந்து, ஐந்தாறு மாதம் நிலத்தில் நிற்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். துவரை நிழல் கட்டுமுன் கீரை வீடு சேர்ந்துவிடும். வேர் முடிச்சுகள் முழுமூச்சாக வேலை தொடங்குவதே ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான். அவை சேர்த்த சத்தில் பெரும்பகுதி, வேரும் உதிர்ந்த இலையும் மட்கிய பிறகே மண்ணுக்கு வரும். ஆகவே கீரையை வளர்த்தது தொழுவுரமும் ஆட்டுக்கிடையும்தான். பயறு தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொண்டு, அடுத்த போகத்துக்கு மண்ணைத் தேற்றிவைத்தது.

இதெல்லாம் வெறும் பழக்கம், அறிவல்ல என்று சிலர் மறுக்கலாம். வேர் முடிச்சின் வேலையை ஜெர்மானியரான ஹெல்ரீகல் 1886இல்தான் அறிவித்தார். காரணத்தின் பெயர் தெரியாதிருந்தாலும் விளைவை உழவர்கள் கண்டறிந்திருந்தார்கள். இந்திய வேளாண்மையை ஆராய 1889இல் வந்த ஆங்கில வேதியியலாளர் வோல்க்கர், 1893இல் வெளியான அறிக்கையில் இங்குள்ள கலப்புப் பயிர் முறையை மதித்தே எழுதினார். இன்னொரு மறுப்பு வலுவானது: முறை நல்லதென்றால் விளைச்சல் ஏன் குறைவாக இருந்தது? அதற்கும் வோல்க்கரிடமே ஒரு விடை இருக்கிறது. விறகுப் பஞ்சத்தால் சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிவதை அவர் பார்த்தார். விறகுக்குத் தனிக்காடு வளர்க்கச் சொன்னார். முறையில் குறையில்லை, அதற்கு உயிரூட்டிய எரு வயலுக்கு வந்து சேரவில்லை.

இந்தூரில் வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் சாணத்தையும் பயிர்க்கழிவையும் மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணையும் சேர்த்து மட்கவைக்கும் முறையை வகுத்து 1931இல் நூலாக்கியதும் இந்தக் குறையைத் தீர்க்கத்தான். இன்று ஊடுபயிரை மீட்க நினைப்பவர்கள் விதைப்பட்டியலோடு நிற்கிறார்கள். மாடும் எருக்குழியும் இல்லாத நிலத்தில் கீரைக்குப் பசி தீராது; பயறு அந்தப் பசியைத் தீர்க்கும் என்று நம்புவது வரலாற்றைத் தவறாகப் படிப்பதாகும். மீட்பு எருக்குழியிலிருந்து தொடங்க வேண்டும்.