கான்பூரின் துளை அட்டை முதல் பள்ளிப் பாடநூல் வரை: இந்தியாவில் நிரலாக்கக் கல்வி பரவிய வழி

கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியபோது இந்தியாவுக்குக் கணினி புதிதல்ல. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பிரிட்டனிலிருந்து தருவித்த எச்.இ.சி.-2எம் 1950களின் நடுவிலேயே இயங்கியது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் இளம் ஆய்வாளர்கள் டிஃப்ராக் என்ற கணினியைத் தாங்களே வடிவமைத்துக் கட்டி, 1960இல் இயக்கியும் காட்டினர். ஆனால் இவை ஆராய்ச்சிக்கான கருவிகள். நிரல் எழுதுவதை ஒரு பாடமாக வகுத்து, துறை பாராமல் பலருக்கும் கற்பிக்கும் முயற்சி வேரூன்றிய இடம் கான்பூர். அங்கே எது சரியாக அமைந்தது, பள்ளி வரை வருவதற்குள் அதில் எது கழன்றுபோனது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகக் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு உதவிய திட்டம் 1962 முதல் 1972 வரை நடந்தது. 1620 அதன் வழியாகவே வந்தது. அதை நிறுவ உடன் வந்தவர்களில் ஒருவர் ஹாரி ஹஸ்கி. எனியாக் கணினியிலும், பிரிட்டனில் ஆலன் டூரிங்குடன் ஏஸ் திட்டத்திலும் பணியாற்றியவர். கற்பிக்கும் பொறுப்பைத் தோளில் ஏற்றவர்களில் முதன்மையானவர் வி. ராஜாராமன். ஈரோட்டில் பிறந்தவர், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர், அடிப்படையில் மின்பொறியியலாளர். எச். என். மகாபலாவும் அவருடன் இருந்தார்.

அவர்கள் நடத்திய குறுகியகாலப் பயிற்சிகளே இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பது என் கணிப்பு. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் வந்து பத்து நாள் தங்கி ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கற்றுச் சென்றனர். பத்து நாளில் இது எப்படி முடிந்தது? டிஃப்ராக்கில் ஒரு கணக்கைப் போட அந்த எந்திரத்தின் கட்டளைகளையும் நினைவக முகவரிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜான் பேக்கஸ் குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரானோ, சூத்திரத்தை ஏறக்குறைய எழுதும் விதத்திலேயே எழுத விட்டது. பால வடிவமைப்பில் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிய ஒரு சிவில் பொறியாளர் எந்திரத்தின் உள்ளமைப்பைக் கற்க வேண்டியதில்லை. தன் கணக்கைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும்.

அதோடு அவர் கையால் எந்திரத்தைத் தொட முடிந்தது. அந்நாளில் பல இடங்களில் நிரலைத் துளையிட்ட அட்டைக் கட்டைச் சாளரத்தில் கொடுத்துவிட்டு, இயக்குநர் ஓட்டித் தரும் விடைக்காகக் காத்திருப்பதே முறை. கான்பூரில் கற்பவர்களையே கணினி அறைக்குள் விட்டார்கள்.

அந்த அறையில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஓர் அட்டையில் எண்பது பத்திகள். முதல் ஐந்து பத்திகள் கூற்றின் எண்ணுக்கு உரியவை. ஆறாவதில் குறியிட்டால் முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்று பொருள். கூற்று ஏழாவது பத்தி முதல் எழுபத்திரண்டாவது பத்தி வரைக்குள் அடங்க வேண்டும். தவறி ஆறாவது பத்தியிலேயே துளையிடத் தொடங்கினால் கூற்று கெடும். அந்த அட்டையைக் கழித்துவிட்டுப் புதிதாகத் துளையிட வேண்டும். முதலில் மொழிமாற்றி நிரலின் அட்டைகளை எந்திரத்துக்குள் செலுத்த வேண்டும், அடுத்துத் தன் அட்டைகளை. எந்திரம் தன் மொழியில் பெயர்த்த நிரலை இன்னொரு கட்டாகத் துளையிட்டுத் தரும். அந்தக் கட்டைத் திரும்ப உள்ளே செலுத்தினால்தான் விடை. 1620க்குக் கூட்டலுக்கென்று தனிச் சுற்றமைப்பு கிடையாது. நினைவகத்தில் வைத்த வாய்ப்பாட்டைப் பார்த்தே அது கூட்டியது. எவருடைய நிரலாவது தவறிப்போய் அந்த வாய்ப்பாட்டின் மேல் எழுதிவிட்டால் எல்லாக் கூட்டலும் பிழையாகும். எந்திரம் தானாக எதையும் அறியாது, சொன்னதைச் செய்யும் என்ற உண்மையை எந்த விரிவுரையையும் விட இந்த அறை அழுத்தமாகக் கற்பித்திருக்கும்.

இதே பாடம் இளநிலைப் பொறியியல் மாணவர் அனைவருக்கும் கட்டாயமாயிற்று. கணினியைத் தனித் துறையாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வேதிப் பொறியியல் மாணவரும் உலோகவியல் மாணவரும் நிரல் எழுதக் கற்றனர். இந்த வரிசை கவனத்துக்குரியது: நிரலாக்கம் முதலில் எல்லோருக்கும் உரிய திறனாக நுழைந்தது, தொழிலாகப் பின்னரே பிரிந்தது. பாடக்குறிப்புகளை விரித்து ராஜாராமன் எழுதிய நூல் 1969இல் வெளிவந்தது. மாணவர் வாங்கக்கூடிய விலையில் வந்ததால், கணினியே இல்லாத கல்லூரிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

எழுபதுகளில் வளர்ச்சி சீராக இல்லை. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370/155 வந்தது, மகாபலாவும் சென்னைக்கு வந்தார். ஆனால் நாடு முழுவதிலும் எந்திரங்கள் மிகச் சில, இறக்குமதிக் கட்டுப்பாடுகளோ கடுமை. எண்பதுகளில் நிலைமை மாறியது. 1981இல் தனியார் கணினிப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது, எம்.சி.ஏ. பட்டப்படிப்பு உருவானது, 1984இல் புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. அதே காலத்தில் ரயில்வே முன்பதிவும் கணினிக்கு மாறத் தொடங்கியது. நிரல் என்ற சொல்லையே கேட்டிராதவருக்கும் எந்தப் பெட்டியில் எந்தப் படுக்கை என்பதை எங்கோ எவரோ எழுதிய நிரல் தீர்மானித்தது. நிரலறிவு குடிமக்களின் பொதுத் தேவையாக மாறிய காலம் இதுவே என்று கொள்ளலாம்.

அந்தத் தேவையைப் பள்ளிக்குக் கொண்டுபோன முதல் பெரிய முயற்சி 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம். பிரிட்டனில் பள்ளிகளுக்கென்றே பெயர்பெற்ற பி.பி.சி. மைக்ரோ கணினிகள் முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு வந்தன. இயக்கியதும் பேசிக் மொழி தயாராக நிற்கும் எந்திரம் அது; இரண்டு வரி எழுதினால் உடனே விடை. கருவி நல்ல கருவிதான். ஆனால் பள்ளிக்கு ஒரு சில எந்திரங்கள், குறுகிய பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், தேர்வுப் பாடத்துக்கு வெளியே வாரத்தில் சொற்ப நேரம் என்ற ஏற்பாட்டில் கான்பூரின் உயிர்நாடி அறுந்தது. பிழை செய்து, அதைத் தானே தேடி, மறுபடி ஓட்டிப் பார்க்கும் நேரம் மாணவருக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பாடநூல்கள் இதன் இன்னொரு முகத்தைக் காட்டுகின்றன. பல ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் ஒரு தொகுதி ஸ்டார் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள், மறுதொகுதி சி++ நிரல்மொழி. பிறர் ஆக்கிய மென்பொருளில் எந்தப் பட்டியைச் சொடுக்குவது என்பதற்கும், புதிய ஒன்றை ஆக்குவதற்கும் பாடநூலில் ஏறக்குறைய சம இடம். முன்னது அலுவலக வேலைக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் மென்பொருளின் அடுத்த பதிப்பிலேயே அந்த அறிவு பழையதாகிவிடும். பாடத்திட்டத் திருத்தத்துக்குப் பிறகு 2018இல் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் 2019இல் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இடம்பெற்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ஸ்கிராச் என்ற காட்சிவழி நிரல்மொழி வந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கப் பயிற்சியைப் பேசுகிறது. பள்ளிக்கு வெளியே, சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதாதவருக்கும் கதவைத் திறந்தது. அதன் அடித்தள நிலையிலேயே பைத்தான் உண்டு. ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் வழியாக நிரலாக்கப் பாடங்களைத் தமிழிலும் கேட்க முடிகிறது.

பாடநூலின் தரம் உயர்ந்திருக்கிறது. இதை மனமுவந்து சொல்ல வேண்டும். அளக்க வேண்டியது ஆய்வகத்தை. கடன் விண்ணப்பம் முதல் கல்லூரிச் சேர்க்கைத் தரவரிசை வரை நிரல் வழியே நடக்கும் காலத்தில், அந்த விதிகளை மனிதர்தான் எழுதினார், அவை பிழையாகவும் இருக்கலாம், திருத்தவும் முடியும் என்ற தெளிவு தன் நிரல் தவறி அதைத் தானே திருத்திய மாணவருக்கு எளிதில் வரும். செய்முறை ஏட்டில் உள்ள நிரல்களை மனனம் செய்து தேர்வில் தட்டச்சு செய்பவருக்கு அது வராது. ஆகவே பள்ளி நிரலாக்கக் கல்வியை ஆராய்பவர்கள் எத்தனை பள்ளிகளில் கணினி இருக்கிறது என்ற கணக்கோடு நின்றுவிடக் கூடாது. ஒரு மாணவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விசைப்பலகையின் முன் தனியாக உட்காருகிறார், ஏட்டில் இல்லாத ஒரு கணக்கை ஆண்டில் எத்தனை முறை நிரலாக்குகிறார் என்ற இரண்டையும் மாவட்டவாரியாகத் திரட்ட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் முன்பே அறிவிக்காத ஒரு சிறு கணக்கைச் சேர்ப்பதை அதன் பிறகே விவாதிக்க முடியும்.