மாற்றுச் சாவியும் மறைவிடமும்

பூட்டு மனிதரை இரு பிரிவாக்குகிறது. சாவி உடையோர் ஒரு பிரிவு; சாவி இல்லாதோர் மறு பிரிவு. உரியவர் யார், அயலார் யார் என்று ஆராயும் அறிவு பூட்டுக்கு இல்லை. சாவியைத் தொலைத்த உடைமைக்காரரும் களவாட வந்தவரும் அதன் முன்னே ஒரே நிலையில்தான் நிற்கின்றனர். இந்த இக்கட்டைத் தீர்க்கப் பிறந்ததே மாற்றுச் சாவி. ஆயினும், அதனை எங்கே வைப்பது? உள்ளே வைத்தால் வெளியே நிற்கும் உரியவருக்குப் பயனில்லை. வெளியே வைத்தாலோ, பயன் உரியவரோடு நின்றுவிடுவதில்லை.

வீட்டைப் பொறுத்தவரை இதற்கு எளிய வழியொன்று உண்டு. அண்டை வீட்டாரிடம் ஒரு சாவியைக் கொடுத்து வைக்கலாம். ஆனால், மகிழுந்து ஓரிடத்தில் நிற்பதன்று. அது எங்கே செல்கிறதோ அங்கே மாற்றுச் சாவியும் செல்ல வேண்டும். ஆகவே, மகிழுந்தின் சாவியை மகிழுந்தின் வெளிப்புறத்திலேயே மறைத்து வைக்கும் வழக்கம் தோன்றியது. சிறியதாகத் தோன்றும் இவ்வழக்கத்தின் வரலாறு, 'மறைத்தல்' வேறு, 'காத்தல்' வேறு என்னும் பெரிய உண்மையொன்றை உணர்த்துகின்றது.

எண் பொறித்த பூட்டுகள்

'திறவுகோல்' என்னும் அழகிய சொல் தமிழில் இருந்தும், போர்த்துக்கீசியரின் வரவால் வந்த 'சாவி'யே இன்று பேச்சில் நிலைத்துவிட்டது. கடல் கடந்து வந்த அச்சொல்லைப் போலவே, மகிழுந்தின் சாவியும் அது தோன்றியபோது இன்றைய பொருளில் வழங்கவில்லை.

1908ஆம் ஆண்டு வெளிவந்த போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வண்டி பெரும்பாலும் திறந்த வண்டியாகவே விற்கப்பட்டது. பூட்டுவதற்குக் கதவே இல்லாத வண்டியில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடும் தொல்லை எழவில்லை. 1919ஆம் ஆண்டளவில் மின்விசையால் இயந்திரத்தைத் தொடக்கும் வசதி அவ்வண்டிக்கு வந்தது. அக்காலத்து மாடல் டி வண்டிகளின் விசைப் பலகைக்கு 51 முதல் 74 வரை எண்ணிடப்பட்ட 24 வகைச் சாவிகளே இருந்தன. அதனினும் வியப்புக்குரிய செய்தி, அந்த எண் சாவியில் மட்டுமன்றிப் பூட்டின் முகப்பிலும் பொறிக்கப்பட்டிருந்தது என்பதாகும். சாவி தொலைந்துபோனால் பூட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லி, வேறொரு சாவியை வாங்கிக்கொள்ளலாம். உரியவருக்கு எத்துணை எளிதோ அத்துணை எளிது, பிறருக்கும்!

பிரிட்டனில் உருவான வண்டிகள் பலவற்றிலும் பூட்டின் முகத்தில் சாவி எண்ணைப் பொறிக்கும் வழக்கம் இருந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் மிகுதியாக ஓடிய மோரிஸ் மைனர் போன்ற வண்டிகள் அந்த மரபில் வந்தவையே. அந்நாளில் பூட்டு என்பது கள்வனைத் தடுக்கும் கோட்டையாக எண்ணப்படவில்லை. வழியே செல்பவர் விளையாட்டாகக் கைவைப்பதைத் தடுக்கும் வேலியாகவே எண்ணப்பட்டது.

மூடிய கதவும் காந்தப் பெட்டியும்

நிலைமையை மாற்றியது கூரையும் கதவும் கொண்ட மூடிய வண்டி. 1919இல் அமெரிக்காவில் உருவான மகிழுந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே மூடிய வண்டியாக இருந்தது. 1927க்குள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை அவ்வாறு அமைந்தன. 1949இல் கிரைஸ்லர் நிறுவனம், சாவியைத் திருப்பினாலே இயந்திரம் தொடங்கும் முறையைக் கொண்டுவந்தது. மின்னோட்டத்தை இணைப்பதும் இயந்திரத்தைத் தொடக்குவதும் ஒரே சாவிக்கு உரியனவாயின. சாவியின் ஆற்றல் பெருகப் பெருக, அதனை இழப்பதன் துன்பமும் பெருகிற்று.

உள்ளிருக்கும் குமிழை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தினால் சாவியின்றியே பூட்டிக்கொள்ளும் கதவுகள் பல வண்டிகளில் அமைந்தன. கை நிறையப் பொருளுடன் இறங்குபவர், சாவியை இயந்திரப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். கண்ணாடிக்கு அப்பால் சாவி தெரியும், கைக்கு எட்டாது. உள்ளே பச்சிளங்குழந்தை இருக்குமாயின், அது வெறும் தொல்லையன்று. வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் வெப்பம் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஊறு செய்யும் அளவை நெருங்கும். மாற்றுச் சாவியை வெளியே வைக்க விரும்பியோரைச் சோம்பேறிகள் என்று இகழ்வது முறையன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

அவர்களுக்குத் துணையாக வந்தது காந்தப் பெட்டி. 1950களில் மலிவான பெரைட் காந்தங்கள் பரவின. தீப்பெட்டி போன்ற சிறு உலோகப் பெட்டியில் ஒரு காந்தத்தைப் பொருத்தி, உள்ளே சாவியை இட்டு, சக்கரத்துக்கு மேலுள்ள குழிவிலோ வண்டிச் சட்டத்தின் அடியிலோ ஒட்டிவிடலாம். ஆனால், காந்தத்தை நேராக இழுத்துப் பிரிப்பதைவிட, பக்கவாட்டில் நகர்த்துவது எளிது. மேடு பள்ளங்களின் அதிர்ச்சி அந்தப் பக்கவாட்டு வேலையைத்தான் செய்கிறது. சேறும் துருவும் பிடிப்பை மேலும் தளர்த்துகின்றன. பின்னாளில் முட்டுத்தாங்கிகள் பிளாஸ்டிக்காகவும் மேனித் தகடுகள் சில அலுமினியமாகவும் மாறியபோது, காந்தம் பற்றிக்கொள்ளும் இடமே குறைந்தது. தேவைப்படும் நாளில் குனிந்து தேடினால் பெட்டி இருந்த இடத்தில் துருக் கறை மட்டுமே எஞ்சியிருக்கும் நிலையும் நேரும்.

மொழியாசிரியர் வகுத்த நெறி

காந்தத்தின் பிடி தளர்வது சிறு குறை. பெருங்குறை வேறு. அதனை விளக்கும் நெறியை வகுத்தவர் பூட்டுத் தொழிலாளர் அல்லர், ஒரு மொழியாசிரியர். நெதர்லாந்தில் பிறந்து பாரிசில் ஜெர்மன் மொழி கற்பித்த ஆகுஸ்ட் கெர்க்காப்சு, 1883இல் இராணுவ மறையெழுத்தைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதினார். ஒரு மறையெழுத்து முறையின் அமைப்பு எதிரியின் கையில் சிக்கினும் தீங்கு நேரக்கூடாது. காப்பு முழுவதும் எளிதில் மாற்றத்தக்க திறவுகோலையே சார்ந்திருக்க வேண்டும் என்பது அதில் அவர் வலியுறுத்திய கருத்துகளுள் ஒன்று.

இந்நெறியைச் சக்கரக் குழிவில் ஒட்டிய சாவியோடு பொருத்திப் பார்க்கலாம். ஒரு பூட்டில் ஐந்து முளைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆழங்கள் என்று கொண்டால், கணக்கின்படி 3,125 வகைச் சாவிகள் உருவாகும். பொருந்தும் சாவியைக் கண்டறியக் கள்வன் நெடுநேரம் முயல வேண்டும். ஆனால், வண்டியின் வெளிப்புறத்தில் சாவியை மறைக்கத்தக்க இடங்கள் எத்தனை? நான்கு சக்கரக் குழிவுகள், முன்னும் பின்னும் முட்டுத்தாங்கிகள், அடிச்சட்டம், எண் பலகையின் பின்புறம் என எண்ணினால் பத்தைத் தாண்டுவது அரிது. 3,125 என்னும் எண் பத்தாகச் சுருங்கிவிடுகிறது. மறைத்தவர் தம் மறைவிடத்தைத் தமக்கு மட்டுமே உரிய இரகசியம் என்று கருதுகிறார். உண்மையில், அது எல்லாரும் ஒரே விதமாக எண்ணிக் கண்டுபிடிக்கும் இடமே. பூந்தொட்டியின் அடியில் சாவி தேடாத கள்வனும் உண்டோ?

மூன்று வழிகள்

இக்குறையை நீக்க மூன்று வழிகள் தோன்றின.

முதலாவது, எடுப்பதைக் கடினமாக்குதல். சாவியை எண் பலகையின் பின்னே வைத்துத் திருகாணியால் இறுக்குவதும், அடிச்சட்டத்தில் கம்பியால் கட்டுவதும் இவ்வகை. கருவியின்றி எடுக்க இயலாது. எடுக்கச் சிறிது நேரமும் பிடிக்கும். காந்தப் பெட்டியைவிட இது மேலானதே. ஆயினும், மறைவிடங்களின் எண்ணிக்கை இதனால் கூடுவதில்லை.

இரண்டாவது, சாவியின் ஆற்றலைப் பிரித்தல். 1970களின் பிற்பகுதியில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இயந்திரத்துக்குச் சதுரத் தலையுடைய சாவியும், கதவுக்கு வட்டத் தலையுடைய சாவியும் தனித்தனியே இருந்தன. கதவுச் சாவியை மட்டும் வெளியே வைத்தவர், அதனை இழந்தாலும் அச்சாவியால் இயந்திரம் இயங்காது. இதே நோக்கம் வேறு வடிவங்களிலும் வலுப்பெற்றது. மேற்கு ஜெர்மனி 1961இல் திசைமாற்றிப் பூட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதி, சாவியை எடுத்தபின் இயந்திரம் இயங்காதவாறும், திசைமாற்றியோ வண்டியின் நகர்ச்சியோ தடைப்படுமாறும் பூட்டு அமைய வேண்டும் என்றது. சாவியை உள்ளே விட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தால் எச்சரிக்கை எழ வேண்டும் என்றும் கூறியது. மனிதர் மறப்பவர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

மூன்றாவது வழி, வெளியே வைப்பதையும் பூட்டி வைத்தல். 1980இல் போர்டு நிறுவனம் தண்டர்பேர்டு உள்ளிட்ட சில வண்டிகளின் கதவில் ஐந்து பொத்தான்களைப் பொருத்தியது. ஐந்து இலக்கக் குறியீட்டை அழுத்தினால் கதவு திறக்கும். பொத்தானுக்கு இரண்டு எண்கள் வீதம் எழுதப்பட்டிருந்தமையால், கிடைக்கக்கூடிய குறியீடுகள் அதே 3,125. கதவின் பொத்தான்கள் எல்லார் கண்ணிலும் படுகின்றன; மறைந்திருப்பது உரியவரின் நினைவிலுள்ள எண் மட்டுமே. கெர்க்காப்சின் நெறி மகிழுந்தின் கதவுக்கு வந்து சேர்ந்தது எனலாம். எண் சுழற்றித் திறக்கும் சிறு இரும்புப் பெட்டியை வண்டியில் பிணைத்து, அதனுள் சாவியை வைப்பதும் இவ்வகையினதே. நான்கு இலக்கமுள்ள பெட்டிக்கு 10,000 எண்கள் உண்டு. கடலில் நீந்தவும் அலைச்சறுக்கு ஆடவும் செல்வோர் இன்றும் இத்தகைய பெட்டிகளை நாடுகின்றனர்.

பேசத் தொடங்கிய சாவி

1986ஆம் ஆண்டின் கார்வெட் வண்டியில் சாவியோடு ஒரு மின்தடையைப் பதித்தனர். தடையின் அளவு 15 வகைகளுள் பொருந்தும் ஒன்றாக இருந்தாலன்றி வண்டி கிளம்பாது. 1990களில் சாவியின் தலைக்குள் மின்னணுச் சில்லு புகுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய மகிழுந்துகளுக்கு இயக்கத் தடுப்பியைக் கட்டாயமாக்கியது. இதனால் வெளியே மறைத்து வைப்போருக்கு நற்பயன் ஒன்று விளைந்தது. சில்லு இல்லாத வெறும் உலோகச் சாவி கதவைத் திறக்கும், இயந்திரத்தைத் தொடக்காது. குழந்தையை மீட்கவும், உள்ளே மறந்த சாவியை எடுக்கவும் அது போதும்; வண்டியைக் கொண்டுசெல்லப் போதாது.

ஆனால், 1990களின் இறுதியில் தோன்றிப் பரவிய சாவியில்லா நுழைவு முறை பழைய வழக்கத்தைத் தலைகீழாக்கியது. இம்முறையில் சாவி அருகில் இருக்கிறது என்பதை வண்டி வானொலி அலைகளால் உணர்ந்து கதவைத் திறக்கிறது. அத்தகைய சாவியைச் சக்கரக் குழிவில் வைத்தால் என்ன நேரும்? உரியவர் அருகில் நிற்பதாகவே வண்டி எண்ணக்கூடும். கைப்பிடியைத் தொடுகிறவர் எவரானாலும் கதவு திறந்துவிடக்கூடும். சாவியைத் தேடி எடுக்க வேண்டிய உழைப்பும் கள்வனுக்கு மிச்சம். அலைகளைத் தடுக்கும் உலோக உறையில் சாவியை இட்டாலன்றி இத்தீங்கு நீங்காது. மைக்கேல் பாரடே 1836இல் உலோகத் தகடு போர்த்திய அறைக்குள் நின்று மெய்ப்பித்த உண்மையின் வழிவந்ததே இந்த உறை.

அலைகளை நம்பும் முறையின் வலுக்குறைவைச் சூரிக் கூட்டரசுத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளிப்படுத்தினர். எட்டு நிறுவனங்களின் பத்து வகை வண்டிகளை அவர்கள் ஆராய்ந்தனர். தொலைவிலுள்ள சாவியின் அலையை இடைக்கருவியால் வண்டிவரை கடத்திப் பத்தையும் ஏமாற்ற முடிந்தது. 2016இல் ஜாகுவார் எப்-பேஸ் வண்டியோடு வந்த மணிக்கட்டு வளையம் வேறொரு விடையைத் தந்தது. உரியவர் வழக்கமான சாவியை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, நீர் புகாத வளையத்தை அணிந்து, பின்கதவில் குறித்த இடத்தில் அதனைக் காட்டிப் பூட்டுவார். அப்போது உள்ளேயுள்ள சாவி செயலற்றுவிடும். வெளியே மறைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

வரலாறு காட்டும் முடிவு

எண்ணைப் பூட்டின் முகத்திலேயே எழுதிய காலம் முதல், உள்ளிருக்கும் சாவியை உறங்கச் செய்யும் காலம் வரை, நூறாண்டு வரலாறு ஒரே பாடத்தைக் கூறுகிறது. மறைவிடத்தை நம்பிய முறைகள் நிலைக்கவில்லை. பறிபோனாலும் பெருந்தீங்கு விளையாதவாறு அமைந்த முறைகளே நிலைத்தன. எனவே, வெளியே வைக்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது, 'இது பிறர் கண்ணில் படுமா?' என்பதன்று, 'பட்டால் என்ன இழப்பு?' என்பதே. கதவை மட்டும் திறக்கும் சாவி, எண்ணால் பூட்டிய பெட்டி, தேவைப்படின் அலை தடுக்கும் உறை என்னும் மூன்றும் அக்கேள்விக்கு வரலாறு தந்த விடைகள்.

மறதியை மனிதரிடமிருந்து நீக்க எந்தப் பூட்டாலும் இயலாது. மறந்தவர் தம் பொருளை மீண்டும் அடையவும், அந்த மறதி பிறர்க்குக் களவின் வாயிலாகாமல் இருக்கவும் வழி செய்வதே மாற்றுச் சாவியின் பணி.