மண்ணும் வாய்க்காலும்: லேயும் சான்டா ஃபேயும்

சான்டா ஃபேயின் பழைய வீடு ஒன்றில் அண்ணாந்து பார்த்தால் பட்டை உரித்த உருண்டை உத்தரங்கள் தெரியும். அவற்றின் மேல் குறுக்காக நெருக்கி அடுக்கிய குச்சிகள். அதற்கும் மேலே மண். லேயின் பழைய வீட்டிலும் வரிசை மாறுவதில்லை: பாப்ளர் உத்தரம், வில்லோக் குச்சி, மண். சுவர்கள் இரண்டு ஊரிலும் வெயிலில் காயவைத்த சுடாத மண்கல். நியூ மெக்சிகோவின் மலையடிவாரத்துக்கும் லடாக்கின் சிந்துப் பள்ளத்தாக்குக்கும் எந்தக் காலத்திலும் கொத்தனார் உறவு இருந்ததில்லை. மழை குறைவு, மரம் அரிது, பகலில் சுடும் வெயில், இரவில் கடுங்குளிர் என்ற ஒரே கணக்குக்கு இரண்டு ஊர்களும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டிருக்கின்றன.

காலமும் பொருந்தி வருகிறது. சான்டா ஃபேயின் ஆளுநர் மாளிகை 1610ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தது; லடாக் மன்னர் செங்கே நம்கியாலின் பெயரோடு இணைந்த லே அரண்மனையும் அதே 17ஆம் நூற்றாண்டினது. முன்னது சதுக்கத்தின் ஓரமாக நீண்டு படுத்த ஒற்றைத் தளம். பின்னது பாறை மேல் ஒன்பது அடுக்கு. 1834இல் ஜோராவர் சிங்கின் டோக்ரா படை லடாக்குக்குள் புகுந்தது. 1846இல் அமெரிக்கப் படை சான்டா ஃபேக்குள் நுழைந்தது. இரு ஊர்களும் கொடி மாறியபோதும் கடைவீதி ஓயவில்லை. லேயில் யார்க்கண்ட், காஷ்மீர், பஞ்சாப், லாசா வணிகச் சாத்துகள் சந்தித்துக்கொண்டன. சான்டா ஃபேயில் மிசூரியிலிருந்து வந்த துணி வண்டிகளும் மெக்சிகோவின் வெள்ளியும் கோவேறு கழுதைகளும்.

பிறகு இரண்டு வணிகப் பாதைகளும் செத்தன. சான்டா ஃபேயின் பெயரையே சூட்டிக்கொண்ட ரயில் நிறுவனம் 1880இல் முதன்மைப் பாதையைத் தெற்கே லாமி வழியாகக் கொண்டுபோய்விட்டது. ஊருக்குக் கிடைத்தது ஒரு கிளைத் தடம் மட்டும். 1880இல் 6,600க்கு மேல் இருந்த மக்கள் தொகை 1910இல் 5,000 சொச்சமாகச் சுருங்கியது. லேக்கு அந்த அடி 1949க்குப் பின் விழுந்தது. சின்ஜியாங் எல்லை மூடப்பட்டதும் யார்க்கண்ட் வணிகம் முடிந்தது. இந்த வறுமைதான் இரு ஊர்களின் இன்றைய செல்வத்துக்கு வித்து என்பது என் எண்ணம். பணம் இருந்திருந்தால் பழைய மண் வீடுகளை அவர்களே இடித்திருப்பார்கள்.

இரண்டு ஊர்களையும் மீண்டும் வெளியுலகோடு பிணைத்ததில் போருக்கும் பங்கு உண்டு. 1962 இந்திய-சீனப் போருக்குப் பின் லேக்கு ராணுவச் சாலைகளும் முகாம்களும் வந்தன. 1943இல் அணுகுண்டு செய்ய லாஸ் அலாமோஸ் மலைக்குப் போன விஞ்ஞானிகள் முதலில் வந்து பதிவு செய்துகொண்டது சான்டா ஃபேயின் ஒரு முற்றத்து அலுவலகத்தில்.

காற்றில் இரண்டும் நேர் எதிர். சுமார் 2,100 மீட்டர் உயரத்துச் சான்டா ஃபேக்குக் காசநோயாளிகள் உலர்ந்த காற்றைத் தேடிப் பிழைக்க வந்தார்கள். 1920இல் அப்படி மருத்துவ இல்லத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஜான் கா மீம். குணமாகி, கட்டடக் கலைஞராகி, ஊரின் இன்றைய முகத்தை வரைந்தவர்களில் முதன்மையானவர் ஆனார். 3,500 மீட்டர் உயரத்து லேயோ நலமாக வந்தவரையும் முதல் இரண்டு நாள் படுக்கையில் கிடத்திவிடுகிறது.

முகம் என்றதும் ஒரு வியப்பு. சான்டா ஃபேயின் ‘பழைய’ தோற்றத்தில் பெரும்பகுதி திட்டமிட்டு வரவழைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சதுக்கத்தைச் சுற்றிச் செங்கல் முகப்புகள் வந்திருந்தன. ஆளுநர் மாளிகைக்கே விக்டோரியா பாணித் தாழ்வாரம். 1912ஐ ஒட்டி, பயணிகளை ஈர்க்கப் பழைய பாணிக்குத் திரும்புவதென நகரத்தார் முடிவெடுத்தார்கள். 1957இல் அது சட்டமாயிற்று. அதன்படி பழம்பகுதியில் எழும் புதுக் கட்டடம் மண் வீட்டின் சாயலைக் கொண்டிருக்க வேண்டும்; மண்ணால் ஆனதாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே இன்று அங்கே வளைந்த ஓரங்களோடு தெரியும் பல சுவர்கள் மரச்சட்டத்தின் மேல் பூசிய சிமென்ட். லேயிலும் காங்கிரீட் விடுதிகள் செதுக்கு வேலை கொண்ட மரச் சன்னல்களை மாட்டிக்கொள்கின்றன. ஆனால் அங்கே பழம்பகுதிக்குள்ளும் சுற்றுக் கிராமங்களிலும் மண்கல் அறுக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த இரவுக்குப் பிறகு, மண் கூரை மேல் மக்களுக்கு அச்சம் வந்ததையும் குறை சொல்ல முடியாது.

இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது தண்ணீர். சான்டா ஃபேயில் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 350 மி.மீ.; லேயில் 100 மி.மீ. அளவே. இரண்டும் மேலிருந்து வரும் சிற்றோடையை நம்பிப் பிறந்தவை. பெரிய ஆறு இரண்டுக்குமே எட்டாத பள்ளத்தில் ஓடுகிறது. நியூ மெக்சிகோவில் பொது வாய்க்காலுக்கு மயோர்தோமோ என்ற பொறுப்பாளர் உண்டு; லடாக்கில் சுர்பொன். நம் ஏரிகளின் நீர்க்கட்டி செய்த வேலைதான் இருவருக்கும்: யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று முறை வைப்பது. இளவேனிலில் ஊர் கூடித் தூர் வாருவதும் இரு இடத்திலும் உண்டு. பனியாக வரும் நீரைச் சான்டா ஃபே மலை மேல் இரண்டு அணைகளில் தேக்குகிறது. லடாக்கில் அதைப் பனிக்கட்டியாகவே தேக்கக் கற்றார்கள்: பொறியாளர் செவாங் நோர்பெலின் செயற்கைப் பனியாறுகள், பிறகு சோனம் வாங்சுக்கின் கூம்பு வடிவ ஐஸ் ஸ்தூபி.

பயணிகள் பெருகியதும் இரண்டுக்கும் ஓடை போதவில்லை. பள்ளத்து ஆற்றுநீரைச் சான்டா ஃபே 2011 முதல் மேலேற்றுகிறது. அது ரியோ கிராண்டே. லேயும் சிந்துக் கரையிலிருந்து நீரை மேலேற்றிக் குடிக்கிறது. இதற்கு மேல் இரண்டின் வழியும் எதிரெதிராகப் பிரிகிறது; பிரியும் இடம் கழிப்பறை. 2002 வறட்சிக்குப் பின் சான்டா ஃபேயில் புது வீடு கட்டுவோர், ஊரில் உள்ள பழைய கழிப்பறைகளைக் குறைந்த நீர் செலவாகும் வகைக்கு மாற்றித் தந்தே தங்களுக்கான நீரைப் பெற வேண்டியிருந்தது. கூடுதலாகச் செலவழித்தால் கூடுதல் விலை என்ற கட்டணமும் சேர்ந்தது. 1990களின் நடுவில் ஆனதைவிட இன்று அங்கே தலைக்கு ஆகும் நீர் ஏறத்தாழ பாதி. லே தொடங்கியதோ துளி நீரும் வேண்டாத உலர் கழிப்பறையிலிருந்து. கழிவு எருவாகி வயலுக்குப் போகும். 1974இல் வெளியாருக்குத் திறந்தபோது வந்தவர்கள் சில நூறு பேர். 2022இல் லடாக் முழுவதற்கும் 5 லட்சத்துக்கு மேல். அவர்களுக்காக விடுதிகள் நீர் ஊற்றும் கழிப்பறைகளைக் கட்டின, ஆழ்துளைக் கிணறு தோண்டின. கழிவுக்குழிகள் ஊற்றுகளைக் கெடுத்தன. அமெரிக்க ஊர் தவற்றிலிருந்து சிக்கனத்துக்கு வந்துகொண்டிருக்கும்போது, லடாக்கின் ஊர் சிக்கனத்திலிருந்து தவற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நிலத்தின் கதையில் லே இன்னும் முந்திக்கொள்ளலாம். 87,000 பேர் வாழும் சான்டா ஃபேயில் வெளியூர்ப் பணம் வீட்டு விலையை ஏற்றிவிட்டது. ஊரின் கடைகளிலும் விடுதிகளிலும் உழைப்போரில் பலர் தொலைவிலிருந்து வந்து போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 30,000 சொச்சம் பேர் இருந்த லே அந்த நிலையை எட்டவில்லை. 2019இல் லடாக் ஒன்றியப் பகுதியானதிலிருந்து அங்குள்ள மக்கள் நிலத்துக்கும் வேலைக்கும் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பைக் கேட்டுவருகிறார்கள். சான்டா ஃபேயைப் பார்த்தவர்களுக்கு அக்கோரிக்கை மிகையாகத் தோன்றாது.

எடை போட்டால் என் தீர்ப்பு இது: தோற்றத்தைக் காக்கும் சட்டத்தில் லே சான்டா ஃபேயிடம் கற்க அதிகம் இல்லை, தண்ணீர்ச் சட்டத்தில் நிறைய உண்டு. சட்டம் வரும்வரை பொறுப்பு அங்கே போகிறவர்களிடமும் இருக்கிறது. அடுத்த கோடையில் லேக்குப் பயணம் வைத்திருக்கும் வாசகர்கள் உலர் கழிப்பறை உள்ள வீட்டு விடுதியைக் கேட்டுத் தங்குங்கள். துணி துவைப்பதை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.