1,000 மி.கி. வைட்டமின் சி மாத்திரை போட்டா உடம்புல சேருவது எவ்வளவு?

சளி பிடிச்சதும் பலர் தேடுவது வைட்டமின் சி மாத்திரையைத்தான். 500 போதாது, 1,000 மி.கி. போடலாம்னு நினைப்பவர்களும் உண்டு. ஆனா உடம்பின் கணக்கு வேற.

ஆடு, மாடுகள் தங்கள் கல்லீரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். மனிதனால் முடியாது, சாப்பாட்டில்தான் வரணும். சிறுகுடல் சுவரில் உள்ள சில புரதங்கள்தான் அதை ரத்தத்துக்குக் கடத்துகின்றன. அந்த வாசல் சின்னது. தினமும் 30 முதல் 180 மி.கி. வரை எடுத்தால் 70 முதல் 90 சதவீதம் உள்ளே போகும். 1,000 மி.கி.யைத் தாண்டினால் பாதிகூட போகாது. அதிலும் தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். காசு கொடுத்து வாங்கியது கழிப்பறைக்குப் போகுது!

உறிஞ்சப்படாதது குடலில் தங்கி வயிற்றுப்போக்கு தரலாம். இன்னொரு சிக்கல், வைட்டமின் சி-யின் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதிக டோஸ் போடவே கூடாது.

அப்போ எவ்வளவு தேவை? ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65 மி.கி. நடுத்தர அளவு கொய்யாப்பழம் ஒன்றே இதைத் தாண்டிவிடும்.

புண் ஆறவும் ஈறு உறுதியாக இருக்கவும் தேவையான கொலாஜன் உருவாக இந்த சத்து வேணும். கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்தைக் குடல் எடுத்துக்கொள்ளவும் இது உதவும். சுண்டலுக்கு எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டுமில்ல. ஆனா அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்க, சூட்டில் வைட்டமின் சி குறைஞ்சிடும்.